புறப்படும் முன்பே போய்ச் சேரும் விமானம்

நகரப் போக்குவரத்தைத் திட்டமிடுகிறவர்கள் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. நான் பணியில் இருந்த காலம் முழுவதும் கவனித்த உண்மை இது. நான் அதிலும் ஒரு படி மேலே போனவன், மற்றவர்களையும் போய்ச் சேர விடாதவன். அதிலும் புறப்படும் முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிற ஒரு விமானத்தை ஒரு குடும்பமே தவறவிடும்படி செய்தவன்.

அந்த விமானத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பீஜியில் நாண்டி விமான நிலையத்திலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் கனடாவுக்குக் கிளம்பினால், நடுக்கடலில் தேதிக்கோட்டைத் தாண்டிப் போவதால், அங்கே அதே சனிக்கிழமை நடுப்பகலில் இறங்கலாம். கிளம்பிய நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தாயிற்று. தாமதமே ஆக முடியாத பயணம் என்று உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதில்தான் நான் கை வைத்தேன்.

ஒரே வருஷத்தில் இரண்டு முறை ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்து முடித்திருந்த காலம். (நாங்கள் அதைக் 'கூ' என்போம். இப்போதும் வயதைக் கணக்கிட "முதல் கூவுக்கு முன்னாடியா, பின்னாடியா" என்றுதான் கேட்டுக்கொள்கிறோம்.) இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். நாண்டிக்குப் பக்கத்து நகரமான லவுத்தோக்காவில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர் பிரிஸ்பேனுக்குப் போனார், நான் அவர் நாற்காலிக்கு நகர்ந்தேன். அவருக்கும் மேலே இருந்தவர் ஆக்லாந்துக்குப் போனார், நான் ஜன்னலோர அறைக்கு நகர்ந்தேன். என் பதவி உயர்வுகள் எல்லாமே விமான நிலையத்தில் நிகழ்ந்தவை. திறமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் காலியிடம்தான் என்று புரிய வெகுநாள் ஆயிற்று.

அந்த ஜன்னலோர அறையில் உட்கார்ந்து ஒரு திட்டம் தயாரித்தேன். நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், பஸ்ஸில் போகிறவர்கள், கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் தனித்தனியாக அல்லாடாமல் ஓர் இடத்தில் கூடி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போக வேண்டும். அந்த இடத்தில் நிழல் வேண்டும், உட்கார இடம் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். முக்கியமாக, வந்து சேர வேண்டியவர் ஒருவர் பாக்கியிருந்தாலும் வண்டி கிளம்பக் கூடாது. இதற்கு 'இணைப்பு' என்று பெயர் வைத்தேன். (மதராஸில் படித்துவிட்டு வந்தவன். எதற்கும் நல்ல தமிழில் ஒரு பெயர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அங்கே கற்றது.) கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி அதற்குள் சிட்னிக்குப் போய்விட்டதால், திட்டம் என் மேஜையிலேயே கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை சரஸுக்குக் கனடாவில் குடியேற அனுமதி கிடைத்தது.

சரஸும் அவள் கணவர் முனுசாமியும் லவுத்தோக்காவிலிருந்து உள்ளே தள்ளி, கரும்புக் காட்டுக்கு நடுவே இருந்தார்கள். ஒரே மகள் கலா, ஏழு வயது. முனுசாமி வேகமாக எதையும் செய்து பழகாதவர். கரும்பு வெட்டு முடியட்டும், வீட்டை வாங்க ஆள் வரட்டும் என்று கடைசி வாரம் வரை இழுத்துவிட்டார். அனுமதி ஞாயிற்றுக்கிழமையோடு காலாவதி. இடமிருந்தது சனிக்கிழமை சாயங்கால விமானத்தில் மட்டும்தான். அடுத்த விமானம் வாரத்தின் நடுவில். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸோ டாக்சியோ ஓடக் கூடாது என்று புதிய அரசு வேறு உத்தரவு போட்டிருந்தது. ஆகவே சனிக்கிழமை போனால் உண்டு, இல்லாவிட்டால் கனடா இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். எனக்கு மிக நன்றாகத் தெரியும்.

முனுசாமியின் யோசனை எளிமையானது. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு டாக்சி, மூன்று பேர், மூன்று பெட்டி.

"மத்தவங்க?" என்று கேட்டேன்.

"மத்தவங்களா பறக்கப் போறாங்க மச்சான்?" என்றார்.

ஆனால் எங்கள் ஊர் வழக்கம் அப்படியில்லை. ஒருவர் நாட்டைவிட்டுப் போனால் உறவும் அக்கம்பக்கமும் மொத்தமாக விமான நிலையத்துக்கு வந்து, மாலை போட்டு, அழுது, விமானம் கண்ணுக்கு மறையும் வரை கையசைக்க வேண்டும். வராதவர் மேல் ஆயுளுக்கும் வருத்தம் இருக்கும். இத்தனை பேரை இத்தனை இடத்திலிருந்து கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்று சரஸ் கவலைப்பட்டாள். என் மேஜையில் கிடந்த திட்டம் எனக்குள் எழுந்து உட்கார்ந்தது.

வெள்ளைத் தாளில் படம் போட்டு, முனுசாமி வீட்டுக் கூடத்தில் ஊரைக் கூட்டி விளக்கினேன். அங்கிருந்து போகும் மண்சாலை, பெரிய சாலையைத் தொடுவதற்கு முன்னால் கரும்பு ரயில் தண்டவாளத்தைத் தாண்டும். தண்டவாளத்துக்கு இந்தப்பக்கம் குடைபோல விரிந்த பெரிய மழைமரம் ஒன்று உண்டு. அதுதான் இணைப்பு இடம். ஊரார் நடந்து வந்து சேர்வார்கள். முனுசாமி புது வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு சைக்கிளில் வருவார். லவுத்தோக்கா உறவினரும், தீவின் மறுகோடியில் உள்ள வுனிமோனோவிலிருந்து முந்தின நாளே வந்து என் வீட்டில் தங்கியிருக்கும் சித்தப்பா குடும்பமும் டவுன் பஸ்ஸில் வந்து பெரிய சாலையில் இறங்குவார்கள். பெட்டிகள் என் காரில் போகும். கார் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் நிற்கும். வாடகை பஸ் மரத்தடியில் நிற்கும். எல்லோரும் சேர்ந்ததும் நான் விசில் ஊதுவேன், ஒரே சமயத்தில் கிளம்புவோம்.

"விசில் ஊதற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். (விசில் புதிதாக வாங்கியது. கழுத்தில் கயிற்றோடு. அந்தக் கோலத்தில் என்னை நினைத்துப் பார்க்க இப்போதும் கூசுகிறது.)

சனிக்கிழமை. நடப்பவர்கள்தான் முதலில் வந்தார்கள், நான் சொன்னதற்கும் முன்பே. நான் விரிக்கச் சொல்லியிருந்த பாய்களில், நான் தேர்ந்தெடுத்த நிழலில், நான் வைத்த தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. முனுசாமி சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டைக்குள் பாஸ்போர்ட்டுகள் துருத்திக்கொண்டிருந்தன. வாடகை பஸ்ஸும் வந்துவிட்டது. டவுன் பஸ் மட்டும் வரவில்லை.

காத்திருந்தோம். பாய், நிழல், தண்ணீர், கூட்டம், காத்திருத்தல். இவை ஐந்தும் சேர்ந்தால் பீஜியில் ஆறாவதாக என்ன வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். இதைத்தான் என் திட்டத்தில் நான் யோசிக்கவில்லை.

கிராக் வந்தது. யங்கோனா என்ற வேரை இடித்துத் தண்ணீரில் கரைக்கும் பானம். சேற்றுத்தண்ணீர் போல இருக்கும். நாக்கு மரத்துப்போகும், கால் எழுந்திருக்க மறுக்கும், மனசு மட்டும் கடல்போல அமைதியாகிவிடும். கொண்டுவந்தவர் செமி. பக்கத்துப் பீஜியக் கிராமத்துக்காரர், முனுசாமியோடு ஒரே கும்பலில் கரும்பு வெட்டியவர். தன் சைக்கிளை அவருக்குத்தான் கொடுத்துவிட்டுப் போவதாக முனுசாமி சொல்லியிருந்தார். அதை வாங்கிக்கொள்ள வெறுங்கையோடு வருவாரா? பெரிய மரக்கிண்ணம், வேர்க்கட்டு, முறைப்படி வழியனுப்பப் பேச ஒரு பெரியவர் என்று ஆயத்தமாக வந்திருந்தார். பெரியவர் பீஜி மொழியில் நிதானமாகப் பேசினார். அவர்களுக்குச் சொற்களில் அவசரம் கிடையாது. அந்தப் பேச்சின் நடுவில் எழுந்திருப்பது, கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவது போல.

பிறகு செமி எங்கள் பீஜி இந்தியில் முனுசாமியிடம் சொன்னார்: "நீ போறதுக்கு நான் காரணமில்ல. ஆனா நீ போறதைப் பாக்க எனக்கு வெக்கமா இருக்கு."

முனுசாமி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கப்படி கை தட்டி, தேங்காய் ஓட்டில் ஊற்றித் தந்ததை வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி கை தட்டினார். ஓடு ஒவ்வொருவராகச் சுற்றி வந்தது. எனக்கும் வந்தது. பஸ் டிரைவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தது நான்தான். (இணைப்பில் ஒருவரும் விடுபடக் கூடாதல்லவா.)

ஒருவழியாக டவுன் பஸ் வந்தது. வழியில் சிப்பாய்கள் நிறுத்திச் சோதனை போட்டார்களாம். வுனிமோனோ சித்தப்பா பேத்திக்காகக் கூடை நிறைய டாலோ கிழங்கு கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு கிழங்காக எடுத்துத் தட்டிப் பார்த்தார்களாம். "கெழங்குக்குள்ள துப்பாக்கி மொளைக்குமாடா?" என்று கேட்டுவிட்டாராம். அதற்காகக் கூடையை இன்னொரு முறை கொட்டச் சொன்னார்களாம். கனடாவுக்குக் கிழங்கு கொண்டுபோக முடியாது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. வந்தவர்கள் களைத்திருந்தார்கள். பாயில் இடம் விட்டார்கள். அவர்களுக்கும் ஒரு சுற்று.

இப்போது எல்லோரும் சேர்ந்தாயிற்று. நேரம் இன்னும் போதும். விசிலை வாயில் வைத்தேன்.

அப்போது என் விசிலைவிடப் பல மடங்கு பலமாக வேறொரு விசில் கேட்டது. கரும்பு ரயில். அந்தப் பருவத்தின் கடைசி ரயில்களில் ஒன்று, ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆமை வேகத்தில் வந்து, எங்கள் மண்சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. எஞ்சின் டிரைவர் இறங்கி வந்தார். முனுசாமியின் கரும்பைப் பல வருஷமாக ஏற்றிப்போனவர். சொல்லாமல் போகிறாயே என்று உரிமையோடு கோபித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

என் திட்டத்தில் ரயிலே இல்லை. அதுவும் தானாக வந்து இணைந்துகொண்டது.

எஞ்சின் டிரைவரை இரண்டே மிடறில் எழுப்ப முடியாது. அவருக்கும் ஒரு பேச்சு, ஒரு கைதட்டல், ஒரு சுற்று. பஸ் இந்தப்பக்கம், பெரிய சாலை அந்தப்பக்கம், நடுவில் கரும்புப் பெட்டிகள் கண்ணுக்கெட்டியவரை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரயில் பஸ்ஸைத்தான் மறித்தது, மனிதர்களை மறிக்கவில்லை. எஞ்சினுக்கு முன்னால் சுற்றி நடந்தால் அந்தப்பக்கம் என் கார். சாவி என் பையில்.

சரஸ் என் பக்கத்தில் வந்து குனிந்தாள். பட்டுப்புடவை, அதன் மேலே கனடாக் குளிருக்கு என்று யாரோ கொடுத்த கம்பளிச் சட்டை. அந்த வெயிலில் முகம் வேர்த்து வழிந்தது. "அண்ணா, நாங்க மூணு பேரும் இப்படியே சுத்திப் போயி கார்ல ஏறிக்கிறோம். நீங்க ஓட்டுங்க. மத்தவங்க மெதுவா வரட்டும்."

"காரு பூரா பொட்டி" என்றேன். "அதை எறக்கி யாருகிட்ட குடுக்கறது? ஒண்ணை மாத்தினா எல்லாம் கலைஞ்சிடும். உக்காரு. நேரம் இருக்கு."

"இருக்கா?" என்றாள்.

முனுசாமி பாயிலிருந்தே சொன்னார்: "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும். மதராஸ் வரைக்கும் போயி படிச்சவரு."

சரஸ் உட்கார்ந்தாள். ஓடு மறுபடி என்னிடம் வந்தது. கை தட்டி வாங்கிக் குடித்தேன்.

இந்தக் கதையை அவரவர் வீட்டுக் கல்யாணங்களில் ஆயிரம் முறை சொல்லிச் சிரித்தாயிற்று. சொல்லும்போதெல்லாம் நான் கிராக்கின் மேல் பழி போடுவேன், சிப்பாய்கள் மேல், ரயில் மேல் போடுவேன். உண்மை வேறு. "நேரம் இருக்கு" என்று சொன்னபோது நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். என் படம் கலையக் கூடாது என்ற வீம்பு ஒரு பாதி. மறுபாதியை எழுதுவதற்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது. அலுவலகத்தில் என் சிநேகிதர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டிருந்தார்கள். சரஸும் போய்விட்டால், என்னை 'அண்ணா' என்று கூப்பிட இந்தத் தீவில் ஆள் இல்லை. இன்னும் ஒரு சுற்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. உட்கார்ந்தேன். அவ்வளவுதான். அதற்கு மூன்று பேருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன்.

ரயில் ஒருவழியாக நகர்ந்தது. நான் விசில் ஊதினேன். நல்ல சத்தமாகவே ஊதினேன். எல்லோரும் ஒழுங்காக எழுந்து, பெரியவர்களைக் கைப்பிடித்து ஏற்றி, இடம்விட்டு உட்கார்ந்தார்கள். அந்த அளவுக்கு ஒழுங்காக ஒரு கூட்டம் பஸ் ஏறி நான் பார்த்ததில்லை.

முன்னால் என் கார், பின்னால் பஸ். விமான நிலையத்துக்குத் திரும்பும் வளைவில், கரும்புக் காட்டுக்கு மேலே அது எழுந்தது. வெயில் பட்டு வயிறு பளபளத்தது. எங்கள் பஸ்களுக்கு ஜன்னல் கண்ணாடி கிடையாது என்பதால், வளைவில் வேகம் குறைத்து என்னை ஒட்டி வந்த பஸ்ஸிலிருந்து எல்லாமே எனக்குக் கேட்டது. முதலில் செமியின் குரல்: "இசா." (வருத்தத்துக்கு அவர்களிடம் உள்ள சொல். அதற்குமேல் அவர்களும் ஒன்றும் சொல்வதில்லை.)

பிறகு கலாவின் குரல். அவள் அதுவரை எத்தனையோ பேரை வழியனுப்ப வந்தவள். விமானம் பார்ப்பது, கையசைப்பது, வீடு திரும்புவது என்பதுதான் அவளுக்குத் தெரிந்த வழக்கம். பஸ்ஸிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையாட்டினாள். "மொதே, மொதே" என்று போய்வரச் சொன்னாள், தான் ஏறியிருக்க வேண்டிய விமானத்துக்கு.

காரை ஓரமாக நிறுத்தினேன். முனுசாமி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து என் ஜன்னலில் கை வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"எல்லாரும் சேந்துதான் வந்திருக்கோம் மச்சான்" என்றார். "ஒருத்தரும் விட்டுப்போகல."

விமான நிலையத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை. விடிந்தால் ஞாயிறு என்பதால் வாடகை பஸ் திரும்பியாக வேண்டியிருந்தது. வழியனுப்ப வந்தவர்கள், போகாதவர்களுக்கு மரத்தடியிலேயே போட்டுவிட்ட மாலையைக் கழற்றச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் கலைந்தார்கள். சரஸ் வீட்டில் இதற்குள் புதுக் குடும்பம் அடுப்பு மூட்டியிருக்கும். ஆகவே மூவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். விருந்தாளிகளுக்கு ராச்சாப்பாடு சமைக்க வீட்டிலேயே தங்கிவிட்ட என் மனைவி கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்தாள், பெட்டிகளைப் பார்த்தாள், என் கழுத்து விசிலைப் பார்த்தாள். உள்ளே போய் இன்னும் கொஞ்சம் அரிசி கழுவினாள்.

மறுநாள் தெருவில் ஒரு வண்டி இல்லை. கோயிலுக்குப் போகிறவர்கள்கூட நடந்துதான் போனார்கள். நடுப்பகலில் செமி வந்தார், முனுசாமி கொடுத்த சைக்கிளில். சர்ச் முடிந்து அப்படியே வந்திருந்தார். வேட்டி போல இடுப்பில் சுற்றிய சாம்பல் நிறச் சூலு, வெள்ளைச் சட்டை, டை. லவுத்தோக்கா வரை அந்த வெயிலில் மிதித்து வந்திருந்தார். "இது இனிமே உனக்கு வேணுமே" என்று சொல்லி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு குவளை தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு நடந்தே திரும்பினார். என் திட்டத்தில் நேரத்துக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு சைக்கிள்தான்.

கனடாவுக்கு மறுபடி எழுதிக் கேட்டோம். முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். தொடங்கினோம், நடக்கவில்லை. சரஸ் குடும்பம் என் வீட்டில் சில வருஷங்கள் இருந்தது. பிறகு அடுத்த தெருவில் ஒரு வீடு பார்த்துப் போனார்கள். முனுசாமி டாக்சி ஓட்டினார். விமான நிலையத்துக்குச் சவாரி வந்தால் வேகமாகப் போவார் என்று பெயர் வாங்கினார். என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரியாது. நான் அலுவலகத்தில் அதன் பிறகு வரைந்த எந்தப் படத்திலும் மர நிழலில் பஸ் நிறுத்தம் கிடையாது. காரணம் கேட்டவர்களிடம் வேர் சாலையைப் பெயர்க்கும் என்று சொல்லி வைத்தேன்.

அப்புறம் இன்னொரு கூ வந்தது. அது முடிந்த பிறகு, நர்ஸிங் படித்திருந்த கலாவுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விமானம் என்று சரஸ் என்னிடம் சொன்னாள். நான் சனிக்கிழமையே மாலை வாங்கி, ஈரத்துணி சுற்றி வைத்தேன். ஞாயிறு காலை, விமான நிலையத்துக்குப் போட்டுக்கொள்ளச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"மாமா, நான் வந்து சேந்துட்டேன்" என்றாள் கலா.

"எங்கம்மா?"

"கனடாவுக்கு. இங்க இன்னும் சனிக்கிழமைதான் மாமா."

என்னிடம் மட்டும் நாளைத் தள்ளிச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் முனுசாமி தன் டாக்சியில், மூன்று பேர் மூன்று பெட்டி என்று, போய் ஏற்றிவிட்டு வந்திருந்தார். நான் மாலையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தேன். கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? சரஸ் வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் என் கையிலிருந்த மாலையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"போனவளுக்கு எதுக்கு அண்ணா மாலை?" என்றாள். "போகாதவளுக்குப் போடுங்க."

போட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் விமானம் ஏறினாலும் இரண்டு மாலை வாங்குவது வழக்கமாகிவிட்டது. ஒன்று போகிறவருக்கு, ஒன்று சரஸுக்கு. இரண்டையும் வாங்கித் தருவது என் பொறுப்பு. எந்த நாளைக்கு என்று மட்டும் எனக்குச் சொல்வதில்லை.